மலைக்குளிரில் தாஜின்: கொடைக்கானல் சமையலறைக்கான முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், உயரம் 300 மீட்டர் கூடும்போதெல்லாம் சுமார் ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கும். நாம் இருப்பதோ 2,100 மீட்டருக்கும் மேலே. வத்தலக்குண்டிலிருந்தோ மதுரையிலிருந்தோ மலைக்குக் குடிவந்தவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுகொள்வார்கள். பருப்பு கரையாது, கொண்டைக்கடலை மணிக்கணக்கில் கொதித்தாலும் நடுவில் ஒரு கடிப்பு மிஞ்சும், குக்கர் இல்லாத சமையலறையை இங்கே கற்பனை செய்யவே முடியாது. அந்தக் குக்கருக்கு நேர் எதிரான ஒரு பாத்திரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தாஜின் என்பது மொராக்கோ நாட்டின் மண்சட்டி. அகன்ற, ஆழம் குறைந்த அடிச்சட்டியும் அதன்மேல் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மூடியும் சேர்ந்ததே அது. அதில் சமைத்த உணவுக்கும் அதே பெயர்தான். அடியில் எழும் ஆவி கூம்பின் உச்சிவரை ஏறி, தீயிலிருந்து விலகியிருக்கும் அந்த மேற்பகுதியின் குளிர்ச்சியில் நீராகி, சுவரோடு வழிந்து மீண்டும் சட்டிக்கே திரும்புகிறது. பொரியல் வேகும்போது வாணலியை ஒரு குழிவான தட்டால் மூடி, தட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் உண்டல்லவா? தாஜின் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். அதனால்தான் இதில் தண்ணீரே ஊற்றாமலும், அரை டம்ளர் மட்டும் ஊற்றியும் மூன்று மணி நேரம் சமைக்க முடிகிறது.

மலையில் இது எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஆட்டுக்கறியைக் கடினமாக்குவது அதிலுள்ள ஜவ்வு. அது கரைந்து குழம்புக்கு வழவழப்பைத் தருவதற்குத் தளதளவென்ற கொதிப்பு வேண்டியதில்லை. 70 டிகிரிக்கு மேல் மெல்லக் கரையத் தொடங்கி, 80, 90 டிகிரிச் சூட்டில் சில மணி நேரத்தில் முழுவதும் இளகிவிடும். ஆகவே கறியைப் பொறுத்தவரை 93 டிகிரி ஒரு பெரிய குறை அல்ல. மாறாக, கேரட்டும் கிழங்கும் பயறு வகைகளும் மென்மையாவதற்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு தேவை. அங்கேதான் நம் மலை ஏமாற்றுகிறது. எனவே நான் பின்பற்றும் விதி இதுதான்: கறியைத் தாஜினிடம் விட்டுவிடுங்கள், கடலையைக் குக்கரில் வேகவைத்துப் பிறகு தாஜினில் சேருங்கள், காய்களைச் சிறிதாக நறுக்குங்கள். மராகேஷ் நகரம் ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கத்திய சமையல் குறிப்பில் கறிக்கு இரண்டு மணி நேரம் என்று இருந்தால் இங்கே இரண்டரையும், காய்க்கு முக்கால் மணி என்று இருந்தால் ஒரு மணியும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 28 சென்டிமீட்டர், அதாவது 11 அங்குல விட்டமுள்ள சட்டி போதும். அதைவிடப் பெரியது நம் வீட்டு எரிவாயு அடுப்பின் பர்னருக்குப் பொருந்தாது. நடுவில் மட்டும் சூடேறி ஓரம் குளிர்ந்தே கிடக்கும். வண்ணப் பூவேலையும் உலோகக் கம்பி அலங்காரமும் உள்ள தாஜின்கள் பெரும்பாலும் பரிமாறுவதற்காகச் செய்யப்பட்டவை; அவற்றை அடுப்பில் ஏற்றக்கூடாது. பளபளக்கும் மெருகுப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், சமையலுக்கு ஏற்றது என்று தெளிவாகச் சொல்லி விற்கப்படாத மெருகுச் சட்டியை நான் வாங்குவதில்லை. மெருகில்லாத செம்மண் சட்டியே என் விருப்பம். அது குழம்பின் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆண்டுகள் ஆக ஆக அதற்கென்று ஒரு மணம் வந்துவிடும்.

தாஜின் கிடைக்காவிட்டால் முயற்சியைக் கைவிட வேண்டாம். மீன்குழம்பு வைக்கும் அகலமான கறிச்சட்டியின் மேல், வாய் அளவு பொருந்தும் ஆழமான இன்னொரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கூடச் சமைக்கலாம். சுவையில் எண்பது சதவீதம் வந்துவிடும். சூடான மேற்சட்டியைத் தூக்குவதுதான் சிரமம். கூம்பு மூடியின் குமிழ் மணிக்கணக்கில் அடுப்பில் இருந்தாலும் பெரும்பாலும் கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்கும், கவிழ்த்த சட்டிக்கு அந்த வசதி கிடையாது.

பழக்குதல்

புதிய மண்சட்டியைப் பழக்காமல் ஏற்றக்கூடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டியையும் மூடியையும் முழுவதும் மூழ்கும்படி ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் போட வேண்டும். போட்டவுடன் மண்ணிலுள்ள நுண்துளைகளிலிருந்து சரம் சரமாகக் குமிழிகள் கிளம்பும்; அவை நின்ற பிறகும் விட்டு வைத்து, மொத்தம் ஒரு நாள் ஊற விடுவது நல்லது. பிறகு எடுத்து, ஈரம் சொட்டுவது நிற்கும்வரை கவிழ்த்து வைத்து, உள்ளும் புறமும் எண்ணெய் தடவ வேண்டும். மொராக்கோவில் ஆலிவ் எண்ணெய் தடவுவார்கள். கடலை எண்ணெயும் அதே வேலையைச் செய்கிறது.

ஓவன் வைத்திருப்பவர்கள் சட்டியைக் குளிர்ந்த ஓவனுக்குள் வைத்த பிறகே அதை இயக்கி, 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, அணைத்த பின் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆற விட வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் நம் வழியையே பின்பற்றலாம்: அரிசி கழுவிய கழுநீரை முக்கால் பங்கு ஊற்றி, மிகக் குறைந்த தீயில் இரண்டு மணி நேரம் காய விட்டு, இறக்காமல் அடுப்பிலேயே ஆற வைத்து, கொட்டிவிட்டு மறுநாளும் அப்படியே செய்ய வேண்டும். கழுநீரிலுள்ள மாவுச்சத்து நுண்துளைகளை அடைத்துவிடுவதால் சட்டி கசிவது குறையும்.

தீ

தாஜின் சமையலில் தவறுகள் பெரும்பாலும் தீயில்தான் நடக்கின்றன. மண்ணுக்குச் சூடு பரவும் வேகம் குறைவு. ஓரிடத்தில் சுளீரென்று படும் தழல் அந்த இடத்தை மட்டும் விரியச் செய்து விரிசலை உண்டாக்கும். எனவே எரிவாயு அடுப்பில் தாஜினை நேராக வைக்காமல், இடையில் ஒரு கனமான இரும்புத் தகடு வைக்க வேண்டும். கடைகளில் இதற்கென்றே தகடுகள் கிடைக்கின்றன. என் வீட்டில் ஓரம் வளைந்துபோன, இனி தோசைக்கு உதவாது என்று ஒதுக்கிய பழைய தோசைக்கல் அந்த வேலையைச் செய்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண் சூடாகாது, அதை மறந்துவிடலாம்.

குளிர்ந்த தோசைக்கல், அதன்மேல் குளிர்ந்த தாஜின், அதற்குப் பிறகே தீ. சிறிய பர்னரில் மிகக் குறைவாக வைத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சற்றே கூட்டலாம். எந்த நேரத்திலும் நடுத்தரத் தீயைத் தாண்டக்கூடாது. தீ சரியாக இருக்கிறதா என்பதைக் காதாலேயே அறியலாம். மூடிக்கு அருகில் காதை வைத்தால், மெல்லிய தூறல் ஓட்டில் விழுவதுபோல் ஒரு சலசலப்பு கேட்க வேண்டும். சட்டியும் மூடியும் சேரும் விளிம்பில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்று, எப்போதாவது ஒன்று வெளியே வழிந்து தகட்டில் பட்டுச் சுர்ரென்று மறைந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். நுரை பொங்கி வழிந்தால் தீ அதிகம். உடனே தணித்து, சில நிமிடம் மூடிக்கும் சட்டிக்கும் இடையே ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி ஆவியை வெளியேற்றலாம்.

மொராக்கோவில் இதை மஜ்மர் என்ற மண் கணப்பில், கரித்தணலின்மேல் வைத்துச் சமைப்பார்கள். அந்த மஜ்மரைப் படத்தில் பார்த்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டி காப்பிக்குப் பால் காய்ச்சிய குமுட்டி அடுப்பேதான் அது. குமுட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்த அடுப்பு தாஜினுக்கு இல்லை. கரியைத் தனியே பற்றவைத்து, சாம்பல் பூத்த தணலாக ஆன பிறகே குமுட்டியில் பரப்ப வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று புதுத் தணல் துண்டுகளைச் சேர்த்தால் போதும். ஆனால் இதைத் திறந்த முற்றத்திலோ தாழ்வாரத்திலோ மட்டுமே செய்யுங்கள். குளிருக்குப் பயந்து கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி எரித்தால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மலையில் வசிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல, என்றாலும் விருந்தாளிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

என் முதல் தாஜின் உடைந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மார்கழிக் காலை. புல்வெளியில் வெண்மை படிந்திருந்தது. மூன்று மணி நேரம் கொதித்த சட்டியை அப்படியே தூக்கி, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த கடப்பைக் கல் மேடையில் வைத்தேன். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், பல்லி உச்சுக்கொட்டியது போல. சட்டி இரண்டாகப் பிளக்கவில்லை. மயிரிழை போன்ற ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் குழம்பு முழுவதும் அந்தக் கோட்டின் வழியாகக் கசிந்து மேடையிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “கல்லுல வைக்கலாமாம்மா, பிரிமணை எதுக்கு இருக்கு?” என்று கேட்டார். அன்றிலிருந்து சூடான தாஜின் என் வீட்டில் பிரிமணையின் மேலோ, நான்காக மடித்த சாக்கின் மேலோதான் இறங்குகிறது. அதேபோல், வேகும்போது தண்ணீர் சேர்க்க நேர்ந்தால் வெந்நீரையே சேர்க்க வேண்டும்.

உப்பு எலுமிச்சை

சமையலுக்கு ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மொராக்கோவின் கோழித் தாஜினுக்கு உயிரே உப்பில் ஊறிய எலுமிச்சைதான். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சியோடு கொடுக்கும், மிளகாய் சேராத நம் உப்பு எலுமிச்சைக்கு அது நெருங்கிய உறவு. தோல் மெல்லிய பழங்களாகப் பார்த்து எடுத்து, காம்புப் பக்கம் ஒட்டியிருக்கும்படி நான்காகக் கீறி, பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பை உள்ளே அடைத்து, கண்ணாடி ஜாடியில் அழுத்தி வைக்க வேண்டும். இரண்டு நாளில் சாறு விடும். பழங்கள் மூழ்காவிட்டால் வேறு பழங்களைப் பிழிந்து ஊற்றி மூழ்கடிக்க வேண்டும். நான்கு வாரம் போதும் என்பார்கள், நம் குளிருக்கு நான் ஆறு வாரம் விடுகிறேன். பயன்படுத்தும்போது சதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் கழுவி எடுக்க வேண்டும்.

நாட்டுக்கோழித் தாஜின்

பிராய்லர் கோழியை இதில் போட்டால் ஒரு மணி நேரத்தில் நார் நாராகப் பிரிந்து, தோற்றமும் சுவையும் கெட்டுவிடும். மொராக்கோவிலும் ‘பெல்தி’ என்று நாட்டுக்கோழியைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஒரு கிலோ நாட்டுக்கோழியை எட்டுப் பெரிய துண்டுகளாக வெட்டி வாங்குங்கள்; நம் வழக்கப்படி சிறு துண்டுகளாகப் போட்டுவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது அவசியம்.

ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், முக்கால் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து கோழியில் பிசறி, முதல் நாள் இரவே வைத்துவிடலாம். உப்பு எலுமிச்சையும் ஆலிவும் பின்னால் சேரவிருப்பதால் இந்த நிலையில் உப்பை அடக்கியே போடுங்கள். பூண்டுக்கு நம் மலைப்பூண்டைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு காரமும் மணமும் மிக்கது என்பதால், நான்கு பற்களுக்கு மேல் வேண்டாம்.

மறுநாள், இரண்டு பெரிய வெங்காயத்தைத் துருவி, இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெயோடு குளிர்ந்த சட்டியின் அடியில் பரப்புங்கள். அதன்மேல் கோழித் துண்டுகளைத் தோல்பக்கம் மேலே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். கொத்தமல்லித் தழையை நூலால் ஒரு கட்டாகக் கட்டி நடுவில் செருகி, ஒரு சிறு துண்டுப் பட்டையும் போட்டு, பிசறிய பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மசாலாவை அரை டம்ளர் தண்ணீரில் கழுவி ஓரமாக ஊற்றுங்கள். கோழியை முதலில் வதக்க வேண்டியதில்லை. வதக்கினால்தான் சுவை என்று நினைப்பது நம் கைப்பழக்கம். இந்த உணவில் வெங்காயம் கரைந்து, சாறு சுண்டி, கடைசியில் எண்ணெய் பிரிந்து வருவதில்தான் சுவை இருக்கிறது.

மூடிய பிறகு முதல் ஒரு மணி நேரம் திறக்கவே கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூம்பு முழுவதும் நிறைந்திருந்த ஆவி போய்விடும். மீண்டும் அந்த நிலைக்கு வர இந்தக் குளிரில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, துண்டுகளை ஒருமுறை புரட்டி, அடி பிடிக்கவில்லை என்பதைப் பார்த்து மூடுங்கள். இரண்டே கால் மணி நேரத்தில் தொடை எலும்பின் முனையில் சதை சற்றே பின்வாங்கியிருக்கும். அப்போது கொத்தமல்லிக் கட்டை எடுத்துவிட்டு, நீளவாக்கில் நறுக்கிய உப்பு எலுமிச்சைத் தோலையும் பதினைந்து பச்சை ஆலிவ் காய்களையும் சேர்த்து, மூடாமல் பதினைந்து நிமிடம் சுண்ட விடுங்கள். குழம்பு கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்க வேண்டும். ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் வளையமிட வேண்டும். அந்த நிறமும் மணமும் வந்தபின் உப்பு பார்த்தால் போதும்.

பேரிக்காயுடன் ஆட்டுக்கறி

கறியையும் பழத்தையும் சேர்த்துச் சமைப்பது நமக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். மொராக்கோவில் இது விருந்து உணவு. தொடைக்கறியைவிட, ஜவ்வு மிகுந்த கழுத்துக்கறியும் முன்கால் சப்பையும் இதற்கு ஏற்றவை. செம்மறி கிடைத்தால் இன்னும் நல்லது. முக்கால் கிலோ கறிக்கு மேற்சொன்ன மசாலாவோடு ஒரு முழுப் பட்டையைச் சேர்த்து, அதே முறையில் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். கெட்டியான மலைப் பேரிக்காய் மூன்றைத் தோல் சீவி, நான்காக நறுக்கி, வெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வறுத்து, ஒரு மேசைக்கரண்டி மலைத்தேனும் பட்டைத்தூளும் சேர்த்துப் புரட்டி, கடைசி இருபது நிமிடத்தில் கறியின்மேல் அடுக்க வேண்டும். பேரிக்காய் இல்லாத மாதங்களில் உலர்ந்த பிளம்ஸ் பத்து, பன்னிரண்டை வெந்நீரில் ஊறவைத்துப் போடலாம். வறுத்த எள்ளையும் பாதாமையும் மேலே தூவுவது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. மெத்தென்ற கறிக்கு நடுவே ஒரு நொறுநொறுப்பு வேண்டியிருக்கிறது.

காய்கறித் தாஜின்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கும் கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைகோஸ், பட்டாணி இவையே போதும். அடியில் வெங்காயம், அதன்மேல் விரல் பருமனில் நீளமாக நறுக்கிய கிழங்கையும் கேரட்டையும் சட்டியின் ஓரத்திலிருந்து நடுநோக்கிச் சாய்த்து ஒரு கூம்புபோல அடுக்கி, மென்மையான காய்களை மேலே வைக்க வேண்டும். குக்கரில் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தை இடுக்குகளில் தூவலாம். தக்காளியை மட்டும் முதலிலேயே சேர்க்கக்கூடாது. புளியில் போட்ட காய் வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தக்காளியின் புளிப்பும் அதையே செய்யும், மலையில் இரட்டிப்பாகச் செய்யும். கிழங்கில் கத்தி தயங்காமல் இறங்கிய பிறகு, அதாவது சுமார் ஒன்றே கால் மணி நேரம் கழித்து, தக்காளியும் சீரகத்தூளும் சேர்த்தால் போதும். இதைக் கிளறவே கூடாது; கிளறினால் கூட்டாகிவிடும்.

இவற்றைத் தட்டில் பிரித்துப் போடாமல், சட்டியை நடுவில் பிரிமணைமேல் வைத்து, தடித்த ரொட்டியைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிடுவதே மொராக்கோ வழக்கம். கோதுமை ரவைக் குருணையான கூஸ்கூஸ் அங்கே தனி உணவு. அதற்கு ஆவியில் வேகவைக்கும் வேறு பாத்திரம் இருக்கிறது. நான் பாதி கோதுமை மாவும் பாதி மெல்லிய ரவையும் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் சுட்டுக்கொள்கிறேன், ஆனால் பேக்கரி ரொட்டியும் பொருந்தும். சோறு பொருந்துவதில்லை, குழம்பின் அளவு அதற்குப் போதாது.

கழுவுதலும் காத்தலும்

முழுவதும் ஆறிய பிறகே கழுவ வேண்டும். சோப்பை மண் உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் திருப்பித் தந்துவிடும் என்பதால், வெந்நீரும் தேங்காய் நாரும் மட்டும் போதும். அடியில் பிடித்திருந்தால் வெந்நீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு இரவு முழுவதும் ஊற விடலாம். கழுவியபின் வெயிலில் காய வைப்பது நல்லது. வெயிலே தலைகாட்டாத ஐப்பசி, கார்த்திகையில் அடுப்புக்கு மேலுள்ள பரணில் இரண்டு நாள் கிடத்தினால் காய்ந்துவிடும். மூடியைச் சட்டியின்மேல் பொருத்தி அலமாரியில் வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூடுபனி மாதத்தில் நான் அப்படி வைத்த ஒரு மூடியின் உட்புறத்தில் மூன்றே வாரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காடி கலந்த தண்ணீரால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, முதலிலிருந்து பழக்க வேண்டியதாயிற்று. இப்போது மூடியைச் சட்டிக்குள் பக்கவாட்டில் சாய்த்து, இடையில் ஒரு பழைய துணியை மடித்து வைத்து, காற்றுப் படும்படி திறந்த தட்டிலேயே வைத்திருக்கிறேன். சமைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே மெல்லியதாக எண்ணெய் தடவிக்கொள்கிறேன்.